எல்லையில் நிற்கும் பனையும் பலாவும்: தறிக்குமுன் அறியவேண்டியவை

பட்டினத்தை அடுத்துள்ள ஊர்களில் நிலத்தின் தோற்றம் விரைவாக மாறிவருகின்றது. யாழ்ப்பாண நகரைச் சூழ்ந்த திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், நல்லூர் முதலிய இடங்களில் முன்னர் தோட்டமாகவும் பனங்கூடலாகவும் கிடந்த காணிகள் 2 பரப்பு, 3 பரப்பு எனத் துண்டாக்கப்பட்டு வீட்டு நிலங்களாகின்றன. துண்டுக்குத் துண்டு ஒழுங்கை விடப்படுகின்றது, மதில் எழுப்பப்படுகின்றது. இவற்றுக்கு இடமளித்து முதலில் விழுபவை வேலியோரத்திலும் வரம்போரத்திலும் நின்ற மரங்களே.

வீடு கட்டுவோர் மாத்திரம் மரந்தறிக்கின்றனர் என்று கருதலாகாது. எஞ்சிய நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் செய்யும் கமக்காரர் பலரும், வயல்வரம்பிற் பனை நிற்கப்பெற்ற நெற்செய்கையாளர் சிலரும், நிழல் விழுந்து பயிர் நலிகின்றது என்னும் ஒரே காரணத்தைக் கூறி மரத்தை விற்றுவிடுகின்றனர். அம்மரங்களுட் சில, சொந்தக் காணியில் நின்றாலும், அனுமதியின்றித் தறிக்கப்படலாகாதவை. அவை எவை, அவற்றின் நிழல் உண்மையில் எவ்வளவு தீமை செய்கின்றது, தறிக்காமலே பயிரைக் காப்பது எவ்வாறு, தறித்தே தீரவேண்டுமாயின் செய்யத்தக்கது யாது என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் கூறுகின்றது.

சட்டத்தின் காவலில் உள்ள மரங்கள்

மரந்தறித்தலைக் கட்டுப்படுத்துஞ் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கமாக இந்நாட்டிலே நிறைவேற்றப்பட்டது. பலா, சிங்களத்தில் தெல் எனப்படும் ஈரப்பலா, பெண்பனை ஆகியவை இச்சட்டத்தின் கீழ்க் காவல் பெற்றவை. இவற்றைத் தறிக்க விரும்புவோர் முன்கூட்டியே அனுமதிப்பத்திரம் பெறல்வேண்டும். காணி உறுதி நம்மிடம் உண்டு, மரமும் நம்முடையதே, ஆதலின் எவரையும் கேட்கவேண்டியதில்லை என்று எண்ணுவது தவறாகும். இச்சட்டம் தனியார் காணியில் நிற்கும் மரத்தையே பெரிதும் நோக்கியது. அரசினர் காட்டு மரங்களுக்கு 1907 ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச்சட்டம் ஏலவே இருந்தது.

வைரமுடைய மரங்கள் பல இருக்க, இவை மூன்றும் தெரிந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணம் எளிது. மூன்றும் உணவு தரும் மரங்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அரிசி பங்கீடாய் வந்த நாட்களில் தென்னிலங்கைக் குடும்பங்கள் பலாக்காயை அவித்து உண்டு பசியாறின. வடபகுதியில் ஒடியற்கூழும் பிட்டும் அப்பணியைச் செய்தன. பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலாக்கன்று நாட்டும் இயக்கத்தை நடத்தி, ‘கொஸ் மாமா’ அதாவது பலாக்காய் மாமா எனப் பெயர்பெற்றார். விதைத்து மூன்று நான்கு மாதத்தில் நெல் வந்துவிடும். பனையோ பேரப்பிள்ளைக்காக நாட்டப்படுவது. ஓர் ஆண்டின் பணமுடையை முன்னிட்டுத் தறிக்கப்பட்ட மரம் அடுத்த பஞ்சத்திற்குள் வளர்ந்துவிடாது. அரசினர் தலையிட்டது இதன்பொருட்டேயாம்.

பனைக்கு நேர்ந்த இழப்பு வடபகுதியார்க்கு நினைவூட்டவேண்டிய ஒன்றன்று. 1983 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த யுத்தத்தில், காப்பரண்களும் பதுங்குகுழிகளும் அமைப்பதற்காகப் பெருந்தொகையான பனைகள் வீழ்த்தப்பட்டன. எறிகணையாற் தலையிழந்து மொட்டையாய் நின்றவையும் பல. எஞ்சி நிற்பவற்றின் பெறுமதி அதனால் உயர்ந்திருக்கின்றது.

வடலியில் ஆணும் பெண்ணும் தெரியா

சட்டம் பெண்பனையைக் குறிக்கின்றது. ஆயின் பனையில் ஆண், பெண் வேற்றுமை பூ வெளிவரும்வரை தோன்றாது. பூ வெளிவருவதற்கு 12 முதல் 15 ஆண்டுகள், வரண்ட நிலத்தில் அதனினும் கூடுதலாகச் செல்லும். ஓலையின் நிறத்தைக் கொண்டும் மட்டையின் கருக்கைக் கொண்டும் வடலியிலேயே ஆண் பெண் சொல்லிவிடலாம் என்பார் உளர். அதனை நம்பி வெட்டுதல் விவேகமன்று. நிலம் திருத்துவதற்காக 20 வடலிகளை அழிப்பவர் ஏறக்குறைய 10 பெண்பனைகளை அழித்தவராவர் என்று கொள்ளலாம். விதையிலிருந்து எழும் பனைகளில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதியாகவே அமைகின்றன.

ஆண்பனையையும் பயனற்றதென்று கருதலாகாது. அதன் பாளையிலிருந்து பதநீர் இறக்கலாம். அன்றியும் பனையின் மகரந்தம் ஆண்மரத்திலிருந்தே பெண்மரத்துக்குச் செல்லவேண்டும். சுற்றாடலிலுள்ள ஆண்பனைகளை எல்லாம் தறித்துவிட்டால் பெண்பனையிற் காய்பிடிப்பது குறையும். சட்டத்தில் இடமுண்டு என்பதற்காக ஆண்பனையை ஒன்றும் விடாது தறிப்பவர் தமது பெண்பனைக்கும் கேடு செய்கின்றார். இவ்விடயத்திற் சட்டத்தினும் கமக்காரரின் அறிவே கூடுதலாக வேண்டப்படுவது.

பெண்பனைமீது மர வியாபாரிகளின் கண் செல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. முதிர்ந்த பெண்பனையின் மரம் ஆண்பனையினும் வைரம் மிக்கது. வளைக்கும் தீராந்திக்கும் சிலாகைக்கும் சிறந்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேற்றப்பட்டது. வைரம் நன்கு பாய்வதற்கு மரம் பல பத்தாண்டுகள் நிற்கவேண்டும். இளமரத்தை வாங்கிக் கூரைக்கு இட்டவர் சில ஆண்டுகளிலேயே செல்லரிப்பைக் காண்பர்.

மர வியாபாரி வரும்போது

கமக்காரர் ஒருவரிடம் 6 பரப்புத் தோட்டம் உண்டு எனக் கொள்வோம். தென்னெல்லையில் 7 பனைகளும் கிணற்றடியில் ஒரு பலாவும் நிற்கின்றன. பக்கத்துக் காணியில் வீடு கட்டுபவர், ஓலை விழுந்து ஓடு உடையும் என்று முறையிடுகின்றார். அந்நேரம் வியாபாரி வந்து, அனுமதி முதலியவற்றைத் தாமே கவனித்துக்கொள்வதாகவும் ஐயா கையொப்பம் மாத்திரம் வைத்தாற் போதுமென்றும் கூறி முற்பணமும் நீட்டுகின்றார்.

இவ்விடத்திற் கமக்காரர் நிதானிக்கவேண்டும். அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாற் காணாமல் கோடரியைக் காணிக்குள் விடலாகாது. விசாரணை வருங்கால் முதலில் வினவப்படுபவர் காணிக்காரரே. வியாபாரியோ மரத்தை ஏற்றிக்கொண்டு அகன்றிருப்பார். பத்திரத்தில் எத்தனை மரம், எவ்வகை மரம், எக்காணி, எத்திகதிக்குள் என்பன எழுதப்பட்டிருக்கும். ஒரு மரத்துக்குப் பெற்ற பத்திரத்தைக் கொண்டு மூன்று மரம் விழுத்துவது வழமையாகிவிட்ட இடங்களும் உள. பலகை, குற்றி என்பவற்றைப் பாதையால் ஏற்றிச்செல்வதற்குத் தனியாக அனுமதி வேண்டியதாயின் அதனையும் முன்னரே வினவி அறிந்துகொள்ளல் நன்று.

குத்தகைக்குக் காணி செய்பவர்க்கு ஒரு வார்த்தை. மண்ணிற் பயிர்செய்யும் உரிமையே குத்தகையால் வருவது. நிற்கும் மரத்தைத் தறிக்கும் உரிமை, உறுதியிலோ உடன்படிக்கையிலோ வெளிப்படையாக எழுதப்பட்டாலன்றி வராது. மரத்தைப்பற்றிய பேச்சைக் குத்தகை தொடங்குமுன் பேசி எழுதிக்கொள்ளுக.

நிழலை அளந்து பார்த்தல்

நிழலாற் பயிர் நலிகின்றது என்னும் முறைப்பாடு சில இடங்களில் உண்மை. பல இடங்களில் மிகையானது. அளந்து பார்த்தாலன்றி இன்னதென்று கூறமுடியாது. அளப்பதற்கு 10 அடி நீளமுள்ள ஒரு நேரிய கம்பும் ஒரு கயிறுமே போதும்.

யாழ்ப்பாணத்தில் மார்கழி முற்பகுதியில் ஞாயிறு தெற்கே தாழ்ந்து செல்லும். அப்போது நண்பகலில், நிமிர்த்தி நட்ட 10 அடிக் கம்பின் நிழல் வடக்குநோக்கி ஏறக்குறைய 6½ அடி விழும். ஆனி முற்பகுதியில் ஞாயிறு தலைக்குச் சிறிது வடக்கே நிற்பதால் அதே கம்பின் நிழல் தெற்குநோக்கி 2½ அடிதான் விழும். இதே விகிதத்தை மரத்துக்கும் பொருத்துக. 60 அடி உயரமுள்ள பனையின் தலை நிழல் மார்கழியில் வடக்கே ஏறத்தாழ 39 அடி தூரத்திலும், ஆனியில் தெற்கே 15 அடி தூரத்திலும் கிடக்கும். ஐப்பசியிலிருந்து மாசிவரை செய்யப்படும் பயிர்களுக்குத் தென்னெல்லை மரமே கருதத்தக்கது. வடவெல்லை மரத்தின் நண்பகல் நிழல் அக்காலத்தில் அடுத்த காணியிலேயே விழும். கமக்காரர் பலர் வடவெல்லைப் பனையையும் தென்னெல்லைப் பனையையும் ஒருசேரக் குற்றஞ்சாட்டித் தறிப்பதைக் காண்கின்றோம். கார்த்திகையில் நட்டு மாசியில் அகழும் உருளைக்கிழங்குக்கு வடவெல்லை மரம் நண்பகலில் இம்மியும் தீங்கு செய்வதில்லை.

இன்னுமொன்றையும் கவனிக்க. பனையின் தலை உயரத்தில் இருப்பதால் அதன் நிழல் சிறிய வட்டமாக விழுந்து, ஞாயிற்றின் செலவோடு மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்துகொண்டே செல்லும். தனிப்பனையின் நிழல் ஒரு வெங்காயச்செடிமீது நாளொன்றில் நிற்கும் நேரம் சொற்பம். பனைகள் இடைவெளியின்றி வரிசையாய் நின்றாலே நிழற்பட்டை தொடர்ந்து கிடக்கும். பலா அவ்வாறன்று. அதன் இலை அடர்த்தியானது, கிளை தாழ்ந்தது, அடியில் நாள்முழுதும் நிழல் நீங்காது. மரத்தடியிலிருந்து 15 அடி வரையும் மிளகாயோ வெங்காயமோ எதிர்பார்த்தபடி விளையாது. ஆதலின் பனை நிழலுக்கும் பலா நிழலுக்கும் ஒரே பரிகாரம் பொருந்தாது.

சந்தேகமுடையோர் ஒரு போகத்தில் இவ்வாறு செய்துபார்க்கலாம். நிழல் விழும் பாத்தி ஒன்றையும் விழாத பாத்தி ஒன்றையும் ஒரே அளவாக எடுத்து, ஒரே விதை, ஒரே பசளை, ஒரே நீர் இட்டு, அறுவடையைத் தனித்தனி நிறுத்துக் குறித்துக்கொள்ளுக. வேறுபாட்டை விலையாக்கி ஓராண்டுக்குரிய இழப்பைக் கணித்தபின், அதற்கெதிரே அம்மரம் ஓராண்டிற் தரும் பழம், ஓலை, மட்டை, கிழங்குவிதை என்பவற்றின் விலையை எழுதுக. கணக்கு எப்பக்கம் சாயும் என்பதை ஊகத்தால் முடிவுசெய்வதிலும் இது மேலானது.

நெல்வயலைப் பொறுத்தவரை, தென்வரம்பிற் பனை நெருக்கமாக நின்றால், கதிர் முற்றும் மார்கழி, தை மாதங்களில் வரம்போரத்து நெல் சிறிது பின்தங்கும் என்பது உண்மையே. தூக்கணாங்குருவிகள் பனையிற் கூடுகட்டி நெல்லைக் கவர்கின்றன என்னும் முறைப்பாடும் பொய்யன்று. எனினும் அவை தம் குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளையே பெரும்பாலும் ஊட்டுகின்றன. ஆந்தைகள் பகலிற் பனந்தலையில் தங்கி இராக்காலத்தில் வயலெலிகளை வேட்டையாடுகின்றன. எலித்தொல்லைக்கு நஞ்சு வைப்பவர் அதே வரம்பின் பனையைத் தறிப்பது பொருந்தாச் செயல்.

தறிக்காமற் செய்யத்தக்கவை

பனைக்கு ஓலைவெட்டே முதற்பரிகாரம். தாழ்ந்து கிடையாய்க் கிடக்கும் ஓலைகளையும் காவோலைகளையும் வெட்டி, நுனியில் நிமிர்ந்து நிற்பவற்றை விட்டுவிடல்வேண்டும். இதனால் நிழல்வட்டம் சுருங்கும். அயல்வீட்டு ஓடும் பிழைக்கும். குருத்தை ஒட்ட மொட்டையாக வெட்டுவது மரத்தைப் பட்டினியிடுவதாகும். பனைக்கு ஒரேயொரு குருத்தே உண்டு. அது பழுதுற்றால் மரம் மீளத் தளிர்க்காது.

வெட்டிய ஓலையை எரிக்கவேண்டாம். தோட்டத்தில் 1½ அடி ஆழமாகச் சால் வெட்டி, ஓலைகளை நெருக்கிப் பரப்பி, மேலே மண்ணை மூடிவிடுக. நம் முன்னோர் புகையிலைத் தோட்டங்களில் வேலியடைத்துக் கழித்த ஓலையை இவ்வாறே தாழ்த்தினர். பனையோலை பூவரசங்குழை போல் விரைவில் மக்காது. மெதுவாக மக்குவதே அதன் நன்மை. செம்மண்ணில் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைத்து, மண்ணைப் பொருபொருப்பாக்கும். மாட்டெரு அரிதாகிவரும் பட்டினப்புறத்துத் தோட்டக்காரர்க்கு வேலியோரத்துப் பனையே பசளைக்களஞ்சியம் எனலாம்.

பலாவுக்குக் கிளைநீக்கம் வேண்டும். நிலத்திலிருந்து 10 அடிவரையுள்ள கிளைகளையும், தோட்டப்பக்கமாய் நீண்ட கிளைகளையும் ஆண்டுதோறும் சிறிதுசிறிதாக நீக்குக. ஒரே முறையில் மரத்தின் பாதியை வெட்டலாகாது. பலா அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்ப்பதால், நுனிக்கிளை குறைவதனாற் காய்ப்புப் பெரிதும் குறையாது. கழித்த இலை ஆட்டுக்கு நல்ல தீன்.

வேர்ப்போட்டியைத் தடுக்க, மரத்துக்கும் பாத்திக்கும் இடையில் 2 அடி ஆழமும் 1 அடி அகலமும் உள்ள அகழி ஒன்றை வெட்டி, போகத்துக்கு ஒருமுறை துப்புரவாக்கினாற் போதும். அடிமரத்திலிருந்து 10 அடிக்கு உட்பட்ட இடத்தில் அகழி வெட்டலாகாது. பெருவேர் அறுபட்ட மரம் வாடைக்காற்றிற் சாயும்; சாய்ந்தால் அயலவருக்கும் ஆபத்து.

நிழல் நீங்காத துண்டிலே நிழல் தாங்கும் பயிரைச் செய்வதே புத்தி. மஞ்சள், இஞ்சி, சேம்பு, கரணை, இராசவள்ளி, வல்லாரை என்பன பலாவின் ஓரநிழலில் நன்கு வரும். இராசவள்ளிக்குப் பலாவின் கழித்த கிளைகளையே படர்கொம்பாக நடலாம். பட்டினத்தை அடுத்த ஊர்களில் வல்லாரைக்கும் இஞ்சிக்கும் சந்தை அருகிலேயே இருப்பதால், நிழற்றுண்டின் வருமானத்தை இழிவாகக் கருதவேண்டியதில்லை.

கோடரியின்றிக் கொல்லுதல்

அனுமதி கிடையாதென அஞ்சுவோர் சிலர் மரத்தைத் தறிக்காமற் சாகவிடும் வழிகளைக் கையாளுகின்றனர். பனையடியிலே குப்பையைக் குவித்து எரிப்பது ஒன்று; பலாவின் பட்டையைச் சுற்றிவர உரிப்பது மற்றொன்று. பட்டமரத்துக்கு அனுமதி எளிதிற் கிடைக்கும் என்பது இவர்தம் எண்ணம். உள்ளூர் அலுவலர் கருகிய அடியையும் உரித்த வளையத்தையும் காணாதவர் அல்லர். அவ்வாறு பட்ட மரத்தில் வண்டுகள் புகுந்து பெருகி, அயலிலுள்ள தென்னைக்கும் பரவுகின்றன என்பதையும் தோட்டக்காரர் கருதவேண்டும்.

அறியாமையால் நேரும் மரக்கொலை இன்னும் அதிகம். வீட்டு நிலத்தை உயர்த்துவதற்காக மண்ணும் கட்டிட இடிபாடும் கொட்டப்படும்போது பலாவின் அடிமரம் 2 அடி, 3 அடி புதையுண்டு, வேருக்குக் காற்றுச் செல்லாது மரம் ஈரிரண்டு ஆண்டில் வாடிவிடும். மேட்டு வீட்டின் மழைநீர் தாழ்ந்த தோட்டத்திற் தேங்கினாலும் இதே கதிதான். பலா நீர்த்தேக்கத்தைத் தாங்காத மரம். அயற்காணியை நிரப்பத் தொடங்குங்காலே வடிகால் விடும்படி கேட்கவேண்டும். மதில் எழுந்தபின் கேட்டுப் பயனில்லை. நிரப்பப்படுவது நெற்காணியாயின், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதற்கே தனியாக அனுமதி வேண்டும். உங்கள் கமநல சேவை நிலையத்துக்கு உடனே அறிவிக்கலாம்.

எல்லை மரம்

எல்லையில் நிற்கும் மரம் யாருடையது என்னும் வழக்கு நம்மிடையே பழையது. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டிலே தொகுப்பித்த தேசவழமையே, அயற்காணிக்குள் சாய்ந்த மரங்களின் பயன் யாருக்கு என்பதைப்பற்றிப் பேசுகின்றது. இன்று முதுசக் காணி பிள்ளைகளுக்குப் பங்கிடப்படும்போது, புதிய எல்லைக்கோடு மரத்தின் நடுவே செல்வதும், அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் உரிமை கோருவதும், ஈற்றில் மரத்தைத் தறித்து விலையைப் பங்கிடுவதும் வழமையாகிவிட்டன. நிலஅளவையாளர் வரும்நாளில் மரங்களையும் படத்திற் குறிக்கும்படி கேட்டு, இன்ன மரம் இன்னாருக்கென உறுதியில் எழுதுவித்தால் இத்தகைய வழக்குப் பெரும்பாலும் எழாது. ஒழுங்கையை 3 அடி விலக்கி வரைந்தால் நின்றுவிடக்கூடிய மரங்கள் பல. அதனையும் கோடு கீறுமுன்னரே கேட்கவேண்டும்.

அனுமதி கேட்கும் முறை

சாய்ந்து வீட்டுக்கோ மின்கம்பிக்கோ ஆபத்தாய் நிற்கும் மரம், காய்ப்பு ஓய்ந்த கிழமரம், நோயுற்ற மரம், வீடு கட்டும் இடத்தில் நடுவே நிற்கும் மரம் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்பதில் தயங்கவேண்டியதில்லை. உங்கள் பிரிவின் கிராம அலுவலரை முதலில் அணுகி, அவருடைய சிபாரிசுடன் பிரதேச செயலாளருக்கு விண்ணப்பிக்கவேண்டும். காணி உறுதியின் பிரதி, மரத்தின் வகை, தொகை, தறிப்பதற்குரிய காரணம் என்பன விண்ணப்பத்துக்கு வேண்டும். கூட்டுக்காணியாயின் ஏனைய உரித்தாளரின் சம்மதக் கடிதத்தையும் இணைத்தல் நன்று. பனையைப் பொறுத்தவரை, 1978 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் அலுவலரிடமும் ஆலோசனை கேட்கலாம்.

காரணத்தை உள்ளபடி எழுதுக. “மரம் ஆபத்தானது” என்று பொதுப்பட எழுதுவதிலும், “வீட்டின் கூரைப்பக்கம் சாய்ந்து, அடியில் ஒரு முழ அளவு பொந்து விழுந்துள்ளது” என்று எழுதுவது பயன்தரும். அலுவலர் பார்வையிட வரும்வரை மரத்தைத் தொடலாகாது. காவற்பட்டியலும் நடைமுறையும் காலத்துக்குக் காலம் மாறத்தக்கவை. ஆதலின் வேம்பு, இலுப்பை, புளி முதலிய பெருமரங்களைத் தறிக்குமுன்னரும் ஒருமுறை வினவிக்கொள்வது நட்டமன்று.

மாற்றாக நாட்டுதல்

ஒரு பனை தறித்த இடத்தில் ஐந்து விதையாவது ஊன்றல்வேண்டும். அவற்றுள் ஆணெது பெண்ணெது என்பது முன்கூட்டித் தெரியாமையே இதற்குக் காரணம். பனம்பழம் ஆவணி, புரட்டாதியில் விழும். நன்கு காய்க்கும் மரத்தின் கீழ் விழுந்த பருத்த பழங்களைப் பொறுக்கி, சதையைப் பனாட்டுக்கு எடுத்தபின், விதையை நிழலிற் சில நாள் வைத்திருந்து, மாரிமழை தொடங்கியதும் நேரே நிலத்தில் ஊன்றுக. பனைக்கன்றைப் பெயர்த்து நடும் எண்ணம் வேண்டாம். முளை விதையிலிருந்து கீழ்நோக்கி ஆழச்சென்று அங்கேதான் கிழங்கு வைக்கின்றது. பெயர்க்கும்போது அது முறியும். விதைக்கு விதை 10 அடி விடுக. தோட்டமாயின் வடவெல்லையையும், நெல்வயலாயின் வடவரம்பையும் தெரிந்து ஊன்றினால், மேலே கூறிய நிழற்கணக்கின்படி காலபோகத்துக்கு இடையூறு நேராது. முதலிரண்டு ஆண்டும் மாடு மேயாதபடி முட்கிளைகளால் அடைத்துவிடுக.

பலாக்கொட்டை உலர்ந்தால் முளைக்குந் தன்மையை விரைவில் இழந்துவிடும். பழத்திலிருந்து எடுத்த வாரத்திலேயே பையில் ஊன்றுக. தென்மராட்சிப் பகுதியில் நற்சுளை தரும் மரங்கள் பல உண்டு. அத்தகைய மரத்தின் ஒட்டுக்கன்று கிடைக்குமாயின் 3 அல்லது 4 ஆண்டிலே காய்க்கும், கொட்டைக்கன்று 5 முதல் 8 ஆண்டு எடுக்கும். கிணற்றுநீர் வடிந்து கசிகின்ற, ஆயின் தேங்காத இடம் அதற்கு உகந்தது. மதிலிலிருந்தும் மலகூடக் குழியிலிருந்தும் 20 அடி விலக்கி நடுக. குழி 3 அடி நீள, அகல, ஆழம் இருத்தல்வேண்டும். மேல்மண்ணுடன் மக்கிய எருவைக் கலந்து நிரப்பி, இரண்டு மழை படிந்தபின் கன்றை வைக்கலாம்.

ஒட்டுக்கன்றுகள் கிடைக்கும் இடம், நடுகைக்காலம் என்பனபற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் புரட்டாதி மாதத்துக்கு முன்னரே கேட்டறிந்துகொள்ளுக. மாரி தொடங்கியபின் கேட்போருக்குக் கன்று எஞ்சுவதில்லை.